ஆல்ரவுண்டர், அப்புறம் கோச்: கேட்டவர்களுக்குப் பதில்

மதுரை கிரிக்கெட் லீக்கில் ஆல்ரவுண்டராக, அதாவது பேட்டிங் பவுலிங் ரெண்டும் செய்கிறவனாக, ஆடியவன் நான். முதுகு கைவிட்ட பிறகு பன்னிரண்டு வருஷமாகப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பெரிய மேட்ச் எதுவும் ஆடியதில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேளுங்கள்.

வில்லாபுரம்: அண்ணே, ஆல்ரவுண்டராக ஆடி, கோச்சாகவும் ஜெயித்தவர் என்றால் யாரைச் சொல்வீர்கள்? கபில்தேவா?

கபில்தேவ் மாதிரி ஆல்ரவுண்டர் நமக்கு இன்னொருத்தர் வரவில்லை. ஆனால் கோச்சாக 1999-லிருந்து சுமார் ஒரு வருஷம்தான் இருந்தார், ஆஸ்திரேலியா போய் 3-0 என்று தோற்று வந்தோம். நான் சொல்வது ராபின் சிங்கை. டிரினிடாடில் பிறந்து, படிக்க மெட்ராஸ் வந்து, 1987-88-ல் ரஞ்சிக் கோப்பை ஜெயித்த தமிழ்நாடு அணியில் ஆடியவர். 2007-ல் டி20 உலகக் கோப்பை வாங்கிய அணிக்கு ஃபீல்டிங் கோச், அப்புறம் ஐபிஎல்லில் டெக்கான் சார்ஜர்ஸ், மும்பை இந்தியன்ஸ் அணிகளில் கோச்சிங். அந்த உலகக் கோப்பையில் டர்பனில் பாகிஸ்தானோடு மேட்ச் டை ஆகி, காலி ஸ்டம்பைப் பார்த்துப் பந்து போட்டு முடிவு பண்ணுகிற பவுல்-அவுட் நடந்ததே, நம்மவர்கள் மூணு பந்தையும் ஸ்டம்பில் அடித்தார்களே, அந்த செப்டம்பர் 14 அவருக்குப் பிறந்தநாள்!

மேலூர்: ஆனால் அவர் ரெக்கார்டு ஒன்றும் பிரமாதம் இல்லையே? 136 ஒருநாள் போட்டி, ஒரே ஒரு டெஸ்ட்.

தம்பி, அதனால்தான் அவரைச் சொல்கிறேன். 1989-ல் வெஸ்ட் இண்டீஸில் ரெண்டு மேட்ச் ஆடினார், அதோடு வெளியே. அடுத்த வாய்ப்பு 1996-ல், 33 வயதில். ஏழு வருஷம் ரஞ்சி, லீக் என்று ஆடிக்கொண்டே கிடந்த மனுஷன். 1998 டாக்கா ஃபைனலை எடுத்துக்கொள், பாகிஸ்தான் 48 ஓவரில் 314. கடைசியில் நம்மை ஜெயிக்க வைத்த கனித்கரின் ஃபோர் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது, ஒன் டவுனில், அதாவது மூணாவதாக, இறங்கி 82 அடித்து கங்குலியோடு 179 ரன் சேர்த்தவரை யாரும் சொல்வதில்லை.

நல்ல கைவாகு உள்ள பரோட்டா மாஸ்டரிடம் மாவு எப்படி இப்படி விரிகிறது என்று கேட்டுப் பார், "இப்படித்தான்" என்று இன்னொரு தடவை வீசிக் காட்டுவார். பத்து மாவைக் கிழித்துப் பழகினவன்தான் எந்த இடத்தில் கிழியும் என்று சொல்வான். ஆல்ரவுண்டரில் நிறையப் பேர் அந்த ரெண்டாவது வகை, கோச்சிங்குக்கு அது போதும் என்பது என் எண்ணம்.

திருமங்கலம், ஒரு அப்பா: பையனுக்கு 13 வயது. ஓப்பனிங் பவுலிங், நாலாவது இறங்குவான். காலையில் பள்ளி டீம், சாயங்காலம் கிளப் நெட்ஸ். நடு இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வலி என்கிறான், பழகினால் சரியாகிவிடும் என்கிறார்கள்.

ஐயா, பந்து போடுவதை இன்றைக்கே நிறுத்துங்கள், நாளைக்கு எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போங்கள். வேகமாகப் போடும்போது முன்கால் தரையில் இறங்கும் அந்த நொடியில் உடம்பு ஒரே சமயத்தில் பின்னால் வளைந்து, சாய்ந்து, திரும்புகிறது. வளரும் வயதில் கீழ் முதுகெலும்பில் இருக்கிற மெல்லிய பகுதி அதைத் திரும்பத் திரும்பத் தாங்கி மயிரிழை விரிசல் விடும், ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் என்பார்கள். வலதுகைப் பையன் என்றால் பெரும்பாலும் இடது பக்கம் வலிக்கும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்ஆர்ஐ தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். இங்கிலாந்து கிரிக்கெட் போர்டு வேகமாகப் போடுகிற 13 வயதுக்காரனுக்கு ஒரு ஸ்பெல்லில், அதாவது ஒரே மூச்சில், 5 ஓவர், ஒரு நாளைக்கு 10 ஓவர் என்று வைத்தது. நெட்ஸில் போடுகிற பந்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும், நம் ஊரில் அதை யாரும் எண்ணுவதில்லை. ஒரு நோட்டுப் போட்டு எழுதி வையுங்கள்.

இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது. எனக்கு 16 வயதில், சிமெண்ட் மேல் மேட் விரித்த பிட்சில், ஏப்ரல் வெயிலில் 14 ஓவர் தொடர்ந்து போட வைத்தார்கள். வலிக்கிறது என்றதற்கு மாத்திரை கொடுத்தார்கள். இன்றைக்கும் குனிந்து ஷூ லேஸ் கட்ட எனக்குச் சுவர் வேண்டும். ஆல்ரவுண்டருக்கு ஆபத்தே இதுதான்: பேட்டிங் ஆடும்போது ஓய்வில் இருக்கிறான் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

உசிலம்பட்டி: டென்னிஸ் பால் டோர்னமெண்டில் ரெண்டு தடவை மேன் ஆஃப் த சீரிஸ். வயசு 22. டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) ஆட முடியுமா அண்ணே?

இந்தியாவுக்கு ஆடிய நடராஜன் டென்னிஸ் பாலிலிருந்து வந்தவர்தானே, முடியாது என்று எப்படிச் சொல்வேன். ஆனால் அவர் சென்னை லீக் ஆடித்தான் மேலே போனார். டென்னிஸ் பால் 60 கிராம்கூட இல்லை, ஸ்டிச் பால், அதாவது தோல் பந்து, 156-க்குக் குறையாது, கை வேறு மாதிரி பழக வேண்டும். இந்த வருஷமே மாவட்ட லீக்கில் ஒரு டீமில் சேர். உன்னை எதற்காக டீமில் எடுப்பார்கள், பந்துக்கா பேட்டுக்கா என்று முடிவு பண்ணு, மற்றது கொசுறு. நத்தத்தில் டிஎன்பிஎல் நடக்கும்போது ஒரு மணி நேரம் முன்னால் போய் வார்ம்-அப்பைப் பார், மேட்ச்சை வீட்டில் டிவியில் பார்த்துக்கொள்ளலாம்.

அனுப்பானடி: கோச் ஆக என்ன படிக்க வேண்டும்? காசு வருமா?

பிசிசிஐ லெவல் கோர்ஸ்கள் இருக்கின்றன, மாநில சங்கம் வழியாக அறிவிப்பு வரும். காசு? எனக்கு ஸ்போர்ட்ஸ் கடை இருக்கிறது, அதனால் அடுப்பு எரிகிறது.

செல்லூர்: 34 வயசு, முழங்கால் போய்விட்டது, இனி லீக் ஆட முடியாது. உங்களிடம் வந்து உதவியாக இருக்கலாமா?

வாப்பா. ஞாயிறு காலை அஞ்சரைக்கு மேட் விரித்து ஆணி அடிக்க ஆள் இல்லாமல் நானும் வாட்ச்மேனும் மல்லுக்கட்டுகிறோம். பழைய பேட் ஒன்று எடுத்து வா, பையன்களுக்கு ஐம்பது கேட்ச் அடித்துக் கொடு. சுத்தியல் இருந்தால் அதையும் எடுத்து வந்துவிடு.