டெட்ராய்ட்டில் ஃபாக்ஸ் 2ஆம் சேனலில் வருகிறது; சிபிஎஸ் மட்டும் ஏன் 62இல்? அந்த 62 முதலில் யாருடையது?

ஃபாக்ஸ், சிபிஎஸ் இரண்டும் அமெரிக்கா முழுவதற்கும் நிகழ்ச்சி தரும் தொலைக்காட்சி நெட்வொர்க்குகள். 1994ஆம் ஆண்டு டிசம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை வரை அமெரிக்க நகரமான டெட்ராய்ட்டில் சிபிஎஸ் என்றால் 2ஆம் சேனல்தான். டபிள்யூஜேபிகே என்ற அந்த நிலையம் 1948 அக்டோபரில் ஒளிபரப்பைத் தொடங்கிய நாளிலிருந்து சிபிஎஸ்ஸோடு இருந்தது. 46 வருட உறவு. அன்றைக்கு அது ஃபாக்ஸுக்குப் போனது. போக்கிடம் இல்லாத சிபிஎஸ் 62ஆம் சேனலில் போய் நின்றது. அந்த 62 சாதாரண நிலையம் அல்ல. அமெரிக்காவின் பெருநிலப் பகுதியில் கறுப்பின மக்களுக்குச் சொந்தமாக இருந்த முதல் தொலைக்காட்சி நிலையம் அது. இந்தக் கதையில் பலரும் தாண்டிப் போகிற இடம் இதுதான்.

முதலில் அடிப்படை. அமெரிக்காவில் உரிமம் ஊருக்கு ஊர், நிலையத்துக்கு நிலையம் கொடுக்கப்படுகிறது. 1994இல் இருந்த விதிப்படி ஒரு நிறுவனம் பொதுவாக 12 நிலையங்களுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. அவையும் சேர்ந்து நாட்டின் 25 சதவீத வீடுகளைத் தாண்டக் கூடாது. அதனால் சிபிஎஸ், என்பிசி போன்ற நெட்வொர்க்குகள் மற்ற ஊர்களில் அடுத்தவருக்குச் சொந்தமான நிலையங்களோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும். நிகழ்ச்சி நெட்வொர்க்குடையது, டவரும் உள்ளூர்ச் செய்தியும் நிலையத்துடையது. அந்தக் காலத்தில் தன் நிகழ்ச்சியை ஒளிபரப்புவதற்காக நெட்வொர்க்தான் நிலையத்துக்குப் பணம் கொடுத்தது. இப்போது அது தலைகீழாகிவிட்டது.

இனி 1994. அதற்கு முந்தைய டிசம்பரில் ஃபாக்ஸ் ஒரு காரியம் செய்தது. என்எஃப்எல் அமெரிக்கன் புட்பாலில் என்எஃப்சி பிரிவு ஆட்டங்களின் உரிமையை, நான்கு வருடத்துக்கு 158 கோடி டாலர் கொடுத்து சிபிஎஸ்ஸிடமிருந்து பறித்தது. ஆட்டம் கையில் வந்துவிட்டது, காட்ட நல்ல நிலையம் இல்லை. ஃபாக்ஸின் உள்ளூர் நிலையங்களில் பெரும்பாலானவை யுஎச்எஃப், அதாவது 14ஆம் எண்ணும் அதற்கு மேலும் இருப்பவை. 1994 மே 23 அன்று, பல ஊர்களில் நிலையங்களை வைத்திருந்த நியூ வேர்ல்ட் நிறுவனத்தில் 50 கோடி டாலர் முதலீடு செய்வதாக ஃபாக்ஸ் அறிவித்தது. பதிலுக்கு, கையில் இருந்ததும் வாங்கிக்கொண்டிருந்ததுமாக 12 நிலையங்களை நியூ வேர்ல்ட் ஃபாக்ஸ் பக்கம் திருப்பியது. டெட்ராய்ட்டின் 2 அதில் ஒன்று. ஊரின் சொந்த அணியான லயன்ஸ் என்எஃப்சி பிரிவில் இருப்பதால் இந்த ஊர் ஃபாக்ஸுக்கு மிக முக்கியம்.

சேனல் எண்ணுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அனலாக் காலத்தில் 2 முதல் 6 வரையிலான சேனல்களுக்கு அதிகபட்சத் திறன் 1 லட்சம் வாட். 7 முதல் 13 வரை 3,16,000 வாட். யுஎச்எஃப் நிலையத்துக்கோ 50 லட்சம் வாட் வரை அனுமதி உண்டு. கேட்டால் யுஎச்எஃப்தான் வலிமையானது என்று தோன்றும், நிலைமை நேர்மாறு. அதிர்வெண் கூடக்கூட வீட்டு ஆன்டெனா பிடிக்கும் சிக்னல் குறையும். கட்டடமும் மரமும் அதிகமாக மறைக்கும். அந்த இழப்பை ஈடுகட்டத்தான் அத்தனை வாட். மின்கட்டணமும் அதற்கேற்ப ஏறும். எல்லா நிலையத்தாலும் அந்த உச்சவரம்பு வரை போக முடியாது. புதிய டிவி பெட்டிகளில் யுஎச்எஃப் பிடிக்கும் வசதி கட்டாயமானதே 1964இல்தான். அதனால் 2ஐ இழந்து 62க்குப் போவது என்றால் கடைவீதியின் முகப்பிலிருந்த கடையைக் காலி செய்து பின்சந்துக்குப் போவது மாதிரி.

சிபிஎஸ் மற்ற கதவுகளையும் தட்டிப் பார்த்தது. 4ஆம் சேனல் என்பிசியோடு இருந்தது. 7ஆம் சேனல் (டபிள்யூஎக்ஸ்ஒய்இசட்) ஏபிசி என்ற மற்றொரு நெட்வொர்க்கோடு இருந்தது. அதைச் சிபிஎஸ் இழுத்துவிடுமோ என்ற அச்சத்தில் ஏபிசி, உரிமையாளரான ஸ்க்ரிப்ஸோடு நீண்டகால ஒப்பந்தம் போட்டது. ஸ்க்ரிப்ஸ் சும்மா சம்மதிக்கவில்லை. ஃபீனிக்ஸ், டாம்பா, பால்டிமோர் நிலையங்களையும் ஏபிசி ஏற்க வேண்டும் என்றது. இப்படி டெட்ராய்ட்டில் தொடங்கிய நெருக்கடி அந்த ஊர்களிலும் சேனல்களை இடம் மாற்றியது. அதுவரை ஃபாக்ஸைக் காட்டி வந்த 50ஆம் சேனல் (டபிள்யூகேபிடி) பாரமவுண்ட் கையில் இருந்தது. பாரமவுண்டோ 1995 ஜனவரியில் யுபிஎன் என்ற சொந்த நெட்வொர்க்கைத் தொடங்கவிருந்தது. அதுவும் கிடைக்காது. ஊருக்குள் யாரும் அகப்படாவிட்டால் பக்கத்து ஊரான டொலிடோவின் சிபிஎஸ் நிலையத்தைக் கேபிள் வழியே கொண்டுவர வேண்டிய நிலை. அப்போதுதான் 62ஐ 2 கோடியே 40 லட்சம் டாலருக்கு வாங்கிக்கொள்ள சிபிஎஸ் முன்வந்தது.

டபிள்யூஜிபிஆர் என்ற அந்த நிலையம் 1975 செப்டம்பர் 29 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. நிறுவியவர் வழக்கறிஞர் வில்லியம் வி. பேங்க்ஸ்; உரிமம் அவர் தலைமை தாங்கிய மேசன்கள் (ஒரு வகைச் சகோதர அமைப்பு) சங்கத்தின் பெயரில். அதற்கு முன்பே, 1964இல், அதே பெயரிலான எஃப்எம் வானொலியைச் சங்கம் வாங்கியிருந்தது. கிழக்கு ஜெஃபர்சன் அவென்யூ கட்டடத்தில் ஸ்டூடியோ. கையில் பணம் குறைவு, நெட்வொர்க் கிடையாது. எனவே ஒளிபரப்பு நேரத்தைத் தானே நிரப்ப வேண்டும். அப்படிப் பிறந்ததுதான் 'தி சீன்' என்ற நடன நிகழ்ச்சி. டெட்ராய்ட் இளைஞர்கள் ஸ்டூடியோவுக்கே வந்து இரு வரிசையாக நிற்பார்கள். நடுவே ஒருவர் ஆடிக்கொண்டே கேமராவை நோக்கி வருவார். 1987 வரை, 12 வருடம் நடந்தது. 'பிக் சிட்டி நியூஸ்' என்ற பெயரில் சொந்தச் செய்தியும் இருந்தது. அதில் செய்தி வாசித்த அமைர் மேகப்சன் பிறகு 50ஆம் சேனலின் இரவு 10 மணிச் செய்தியின் முகமாக ஆனார். மற்ற நிலையங்கள் கறுப்பினத்தவருக்கு கேமராவுக்குப் பின்னால் நிற்கக்கூட அரிதாகவே இடம் கொடுத்த காலத்தில், இந்த நிலையம் பொறியாளர், இயக்குநர், செய்தியாளர் என்று ஒரு தலைமுறையையே பயிற்றுவித்தது.

பேங்க்ஸ் 1985இல் காலமானார். 1994இல் விற்பனைச் செய்தி வந்தபோது எதிர்ப்பு எழுந்தது, நியாயமான எதிர்ப்பு. ஆனாலும் 1995இல் கைமாற்றம் முடிந்தது. சிபிஎஸ் தன் சொந்த 950 ஏஎம் வானொலியின் பெயரை எடுத்து நிலையத்துக்கு டபிள்யூடபிள்யூஜே டிவி என்று வைத்தது. 62 எடுத்த நிகழ்ச்சிகளுக்கு இனி அங்கே இடமில்லை. நெட்வொர்க் பிழைத்தது, ஊருக்குச் சொந்தமான ஒரு குரல் போனது. அந்த இழப்பு 2 கோடியே 40 லட்சம் டாலர் என்ற எண்ணுக்குள் அடங்காது என்பதே என் கருத்து. பழைய கட்டடத்தில் 2017இல் ஓர் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். டெட்ராய்ட் போனால் பாருங்கள்.

மாற்றத்தால் இரு நிலையங்களும் எதிரெதிர் திசையில் போயின. ஃபாக்ஸ் இரவில் 8 முதல் 10 வரை இரண்டு மணி நேரம்தான் நிகழ்ச்சி தரும், காலை நிகழ்ச்சி தராது. அந்த ஓட்டையை 2ஆம் சேனல் உள்ளூர்ச் செய்தியால் நிரப்பியது; செய்தி நேரம் பெருகியது. 62க்கோ சிபிஎஸ்ஸின் நிகழ்ச்சிகள் முழுதாகக் கிடைத்தன, செய்திப் பிரிவு இல்லை. 2001இல் 50ஆம் சேனலின் செய்திப் பிரிவை வைத்து ஒரு செய்தி தொடங்கினார்கள் (அதற்குள் இரண்டும் ஒரே முதலாளியின் கையில்). 2002 இறுதியில் அதுவும் நின்றது. 62க்கென்று முழுமையான செய்திப் பிரிவு அமைந்தது 2023 ஜனவரியில்தான்.

இதைத் தேடிப் படிப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. பழைய செய்தித்தாளில் 'டபிள்யூடபிள்யூஜே டிவி' என்று பார்த்தால் தேதியைக் கவனியுங்கள். 1978க்கு முந்தையது என்றால் அது 4ஆம் சேனல். அந்த ஆண்டு வாஷிங்டன் நிலையம் ஒன்றோடு நடந்த பரிமாற்றத்துக்குப் பிறகுதான் 4க்கு டபிள்யூடிஐவி என்ற பெயர் வந்தது. உரிமம், அழைப்பெழுத்து (டபிள்யூடபிள்யூஜே போன்ற நிலையப் பெயர்), முதலாளி, நெட்வொர்க் நான்கும் தனித்தனியாக மாறக்கூடியவை. நான்குக்கும் தனித்தனி வரிசை போட்டு ஆண்டு குறித்துக்கொண்டால் குழப்பம் வராது. இரண்டாவது, இன்று ரிமோட்டில் 62.1 என்று தெரிவது வெறும் பெயர்ப்பலகை. 2009 ஜூன் 12 டிஜிட்டல் மாற்றத்தோடு 52 முதல் 69 வரையிலான அலைவரிசைகளைத் தொலைக்காட்சியிடமிருந்து எடுத்துவிட்டார்கள். நிலையம் வேறோர் அலைவரிசையில் ஒளிபரப்புகிறது. ஆன்டெனா வாங்கும்போது 62ஐப் பார்த்து வாங்காமல் அந்த உண்மையான எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.