மலைக்காட்டை ஒட்டிய வசதியான குடியிருப்பில் வாழ்க்கை எப்படி இருக்கும்? அங்கே வீடு வாங்கலாமா?

கேட்டவர் தெரிந்துகொள்ள விரும்புவது இரண்டு. மலைக்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வசதியான குடியிருப்புப் பகுதியில் அன்றாட வாழ்க்கை உண்மையில் எப்படி இருக்கும், அங்கே வீடு வாங்குவது சரியா. நான் பல வருடங்களாகக் குடும்பத்தோடு அப்படி ஓர் இடத்தில்தான் இருக்கிறேன். வேறு எங்கும் போகும் எண்ணம் இல்லை. அந்தப் பற்றோடுதான் இதை எழுதுகிறேன்.

வாங்கலாம். ஆனால் யார் தொந்தரவும் இல்லாமல் ஒதுங்கி வாழலாம் என்ற நினைப்பில் வாங்க வேண்டாம். இந்த மாதிரி வீடுகளை விற்பவர்கள் முதலில் சொல்வது தனிமையைத்தான். பெரிய மனை, உயர்ந்த மதில், வாசலில் காவலாளி, பின்னால் மலை. நகரத்து அடுக்குமாடியில் எதிர்வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாமல் காலத்தை ஓட்டிவிடலாம். காட்டோரத்தில் முடியாது. மேட்டில் இருப்பவர் தன் வீட்டு மழைநீரை எந்தப் பக்கம் திருப்பிவிடுகிறார், பக்கத்து வீட்டுக் கூரையில் எவ்வளவு சருகு கிடக்கிறது, எதிர்வீட்டில் குப்பைத் தொட்டிக்கு மூடி இருக்கிறதா என்பதெல்லாம் இங்கே உங்கள் வீட்டு விஷயம். எவ்வளவு பணம் போட்டுக் கட்டினாலும் உங்கள் வீட்டின் பாதுகாப்பில் பாதி அடுத்தவர் கையில்தான் இருக்கும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நிஜமாகவே பெரியது. உயரம் கூடக்கூட வெப்பம் குறையும். 1,000 மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ். அடிவாரத்து வீட்டுக்கு அந்தக் கணக்கில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. கிடைப்பது வேறு. வெயில் சாய்ந்ததும் மலைச்சரிவு சீக்கிரம் ஆறிவிடுகிறது. அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றும் குளிர்ந்து, கனமாகி, ஓடைப் பள்ளங்கள் வழியாகக் கீழே இறங்குகிறது. வானம் தெளிவாக இருக்கும் இரவுகளில் இதை நன்றாக உணரலாம். ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும், இலை மணத்தோடு அறைக்குள் வரும். அப்புறம் சத்தம். காட்டோரம் அமைதியாக இருக்கும் என்பார்கள், அப்படி இல்லை. வைகறையில் பறவைகள் எழுப்பும் சத்தத்தில் யாரும் தூங்க முடியாது. என் பிள்ளைகள் பல பறவைகளைக் குரலை வைத்தே சொல்லிவிடுகிறார்கள். நான் வளர்ந்த தெருவில் எனக்குக் கிடைக்காத ஒன்று அது.

இனி நெருப்பு. காட்டுத்தீ என்றதும் மரங்களை விழுங்கிக்கொண்டு வரும் பெரும் தழல்தான் எல்லோருக்கும் கண்ணில் வரும். பெரும்பாலான வீடுகள் அப்படிப் பற்றுவதில்லை. அமெரிக்க வனச் சேவையில் தீ ஆராய்ச்சியாளராக இருந்த ஜாக் கோஹன் பல ஆண்டுகள் இதைத்தான் ஆராய்ந்தார். காற்றில் பறந்து வரும் கங்குகள் கூரை மடிப்பில் தங்கிய சருகில் விழும், சுவரோரப் புதரில் விழும், காற்றுத் துளை வழியாகப் பரணுக்குள் நுழையும். தீயின் முகப்பு எங்கோ இருக்கும்போதே வீடு உள்ளிருந்து எரியத் தொடங்கியிருக்கும். ஒரு வீடு தப்புமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்த வீடும் அதைச் சுற்றி 30 மீட்டருக்குள் இருக்கும் பொருள்களும்தான் என்பது அவருடைய முடிவு.

அதனால் சுவரிலிருந்து 1.5 மீட்டர் வரை எரியக்கூடிய எதையும் வைக்காதீர்கள். விறகு, காய்ந்த கொடி, மரத்தூள், நார்ப்பாய் எதுவுமே வேண்டாம். அங்கே சரளைக் கல் அல்லது தளக்கல் போடுங்கள். காற்றுத் துளைகளுக்கு 3 மில்லிமீட்டர் கண் உள்ள உலோக வலை. கூரை ஓரத்தில் மழைநீர் போகும் தகரக் கால்வாயைக் கோடைக்கு முன்னால் வழித்தெடுங்கள். இவற்றில் எதற்கும் பெரிய செலவு கிடையாது.

ஆனால் இதை நீங்கள் மட்டும் செய்து பயனில்லை. வீடுகள் நெருக்கமாக இருந்தால் முதலில் தீப்பிடித்த வீடுதான் அடுத்த வீட்டுக்கு விறகு. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸின் பசிபிக் பாலிசேட்ஸ் பகுதியில் நடந்தது இதுதான். சான்டா மோனிகா மலைகளின் அடியில் இருக்கும், அமெரிக்காவிலேயே விலை உயர்ந்த குடியிருப்புகளில் ஒன்று அது. வறண்ட பலத்த காற்றில் 6,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் தண்ணீர் இழுக்கப்பட்டதில் மேட்டுப் பகுதித் தொட்டிகள் காலியாகி, அங்கே தீயணைப்புக் குழாய்களில் தண்ணீர் நின்றுபோனது. அந்தத் தெருக்களில் வசதி இல்லாதவர்கள் குறைவு. நம் தெருவில் கோடைக்கு முன்னால் எல்லோரும் சேர்ந்து ஒரே வாரத்தில் சருகு அள்ள வேண்டும் என்று நான் சங்கக் கூட்டத்தில் ஒவ்வொரு முறையும் எழுந்து பேசுவது இதனால்தான்.

நெருப்பைவிட எனக்கு அதிக கவலை தருவது தண்ணீர். மலைச்சரிவில் வீடு கட்ட வேண்டுமென்றால் சரிவை வெட்டிச் சமதளம் எடுக்க வேண்டும். வெட்டிய இடத்துக்கு மேலே இருக்கும் மண்ணுக்குத் தாங்கல் போய்விடுகிறது. தொடர்மழையில் அந்த மண்ணுக்குள் தண்ணீர் ஏறும்போது மண்துகள்களுக்கு நடுவே அழுத்தம் கூடி, பிடிப்பு தளர்ந்து, சரிவு மொத்தமாக இறங்கும். 1972 ஜூன் 18 அன்று ஹாங்காங்கின் மிட்-லெவல்ஸ் பகுதியில், போ ஷான் சாலைக்குக் கீழே, அப்படித்தான் மலை இறங்கியது. அது பணக்காரர்கள் வாழும் மேட்டுப் பகுதி. பல நாள் பெய்த மழைக்குப் பின்னால் இறங்கிய மண் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தையே சாய்த்தது. 67 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் ஹாங்காங் அரசு 1977-இல் சரிவுகளைக் கண்காணிக்கத் தனி அலுவலகம் தொடங்கியது. எந்தச் சரிவை யார் பராமரிக்க வேண்டும், கட்டுவதற்கு முன் யார் பரிசோதிக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே இப்போது பதிவில் இருக்கிறது. நீங்கள் வாங்கப்போகும் இடத்திலும் அந்தக் கேள்வியைக் கேளுங்கள்: வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தடுப்புச் சுவர் யார் பொறுப்பு? இதற்குத் தெளிவான பதில் வராத இடங்கள்தான் நிறைய.

தடுப்புச் சுவரில் சிறு சிறு துளைகள் விட்டிருப்பார்கள். மண்ணுக்குள் சேரும் தண்ணீர் வெளியே வடிவதற்கான வழி அவை. அழகுக்காகச் சுவரைப் பூசும்போது சில வீடுகளில் அவற்றை அடைத்துவிடுகிறார்கள். என் கண்ணில் பட்டால் சொல்லாமல் இருக்க மாட்டேன், அந்த வீட்டுக்காரருக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். அதே போல, வேலிக்கம்பங்களோ மரங்களோ புதிதாகச் சாய்ந்திருந்தால், இதுவரை சரியாக மூடிய கதவு இறுகிப்போனால், தரையில் புது விரிசல் தெரிந்தால், இதுவரை நீர் வராத இடத்தில் கலங்கல் நீர் கசிந்தால் அந்த மழையில் அந்த வீட்டில் தங்கக் கூடாது. பொறியாளரைக் கூப்பிடுவது அடுத்த வேலை, வெளியே வருவது முதல் வேலை.

நெருப்பும் தண்ணீரும் ஒன்றோடொன்று கைகோப்பதும் உண்டு. கலிஃபோர்னியாவின் மான்டெசிட்டோ செல்வந்தர்கள் வாழும் சிறிய ஊர். 2017 டிசம்பரில் அதற்கு மேலே இருந்த மலைகள் எரிந்தன. சில வாரங்கள் கழித்து, 2018 ஜனவரி 9 அன்று பெய்த பலத்த மழையில், செடிகொடி இல்லாத அந்தச் சரிவிலிருந்து பாறையும் சேறுமாக இறங்கியதில் 23 பேர் உயிர் போனது. கடுமையாக எரிந்த மண் தண்ணீரை உள்ளே இழுக்காது, அப்படியே வழியவிடும். ஆகவே மேலே காடு எரிந்த வருடத்தில் அடுத்த மழைக்காலத்துக்குத் தனியாகத் தயாராக வேண்டும்.

சரி, விலங்குகள். எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான்: "சிறுத்தை வருமா?" காட்டைப் பொறுத்து வரலாம். ஆனால் எதற்காக வருகிறது என்பதைப் பாருங்கள். மும்பை நகரத்துக்குள்ளேயே சுமார் 104 சதுர கிலோமீட்டரில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா இருக்கிறது. அதன் ஓரமாக அடுக்குமாடிகளும் குடிசைகளும் நெருக்கியடித்து நிற்கின்றன, சிறுத்தைகளும் அங்கேயே வாழ்கின்றன. ஓரப் பகுதிகளில் அவற்றின் உணவில் தெருநாய்க்குப் பெரிய பங்கு உண்டு. நாய்கள் கூடுவது குப்பைக்காக. அதாவது, திறந்த குப்பைத்தொட்டிதான் சிறுத்தையைத் தெருவுக்கு அழைத்து வருகிறது. குப்பையை ஒழுங்காக மூடி வைத்தால் நாயும் குறையும், நாயைத் தேடி வருவதும் குறையும். கூண்டு வைத்துப் பிடித்துப்போகச் சொல்லும் கூட்டம் எல்லா ஊரிலும் உண்டு. பிடித்த விலங்கு வாழ்ந்த இடம் காலியாகும், அங்கே வேறொன்று வந்து சேரும், குப்பை மட்டும் அப்படியே இருக்கும்.

குரங்குக்கும் காட்டுப்பன்றிக்கும் கரடிக்கும்கூட இதே கதைதான். அன்பினால் பழம் கொடுப்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் மனிதக் கையைப் பார்த்து வளர்ந்த விலங்கு அடுத்த வீட்டுக் குழந்தையின் கையிலிருந்து பிடுங்கும், அப்போது தண்டனை விலங்குக்குத்தான். ஹாங்காங் 2021 டிசம்பர் இறுதியில் காட்டு விலங்குகளுக்கு உணவிடுவதற்கான தடையை முழு நகரத்துக்கும் விரிவாக்கியது. என் கருத்தில் அது சரி.

இன்னொன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்: எலி விஷம். லாஸ் ஏஞ்சலிஸின் கிரிஃபித் பூங்காவில் பி-22 என்று எண்ணிட்ட ஒரு பூமா (அமெரிக்கக் காடுகளில் வாழும் பெரிய பூனையினம்) 2012 முதல் தனியாக வாழ்ந்தது. அந்த ஊரே அதைக் கொண்டாடியது. 2014-இல் அதன் உடம்பெல்லாம் சொறி பிடித்து மெலிந்துபோயிருந்தது; பரிசோதித்ததில் இரத்தத்தில் எலி விஷம் இருந்தது. விஷம் தின்ற எலி உடனே சாகாது. தள்ளாடிக்கொண்டிருக்கும் அதை ஆந்தையோ பாம்போ காட்டுப்பூனையோ சுலபமாகப் பிடித்துத் தின்னும், விஷம் தின்னப்படுவதிலிருந்து தின்னும் விலங்குக்கு என்று படிப்படியாக மேலே ஏறும். எலியைக் கட்டுப்படுத்துவது அந்த ஆந்தைதான். அதைக் கொன்றுவிட்டு மறுபடியும் விஷம் வாங்குகிறோம். பொறி வையுங்கள், சமையலறைப் பக்கத்து ஓட்டைகளை அடையுங்கள். விஷம் வேண்டாம்.

பெரிய கண்ணாடிச் சுவர்களும் இந்த வீடுகளின் அடையாளம் ஆகிவிட்டன. கண்ணாடியில் தெரியும் மரத்தை நிஜ மரம் என்று நம்பிப் பறவைகள் முழு வேகத்தில் மோதுகின்றன. ஒட்டிவைக்கும் ஒற்றைக் கழுகுப் படம் உதவாது. வெளிப்பக்கத்தில், 5 சென்டிமீட்டருக்கு ஒன்றாகச் சிறு புள்ளிகள் ஒட்டினால் மோதல் வெகுவாகக் குறையும். உள்ளேயிருந்து பார்க்கும் உங்களுக்குச் சில நாளில் அந்தப் புள்ளிகள் பழகிவிடும். தோட்ட விளக்குகள் தாழ்வாக, கீழ்நோக்கி, மஞ்சள் ஒளியில் இருக்கட்டும். காட்டைப் பார்த்து ஒளி வீசும் விளக்கு வேண்டவே வேண்டாம்.

மற்றவை சின்னச் சின்னவை. காட்டுப்பாதையில் நடந்துவிட்டு வந்தால் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் வேண்டும். மின்சாரம் அடிக்கடி போகும், மரக்கிளை விழும். சுவரில் பூஞ்சை பிடிக்கும். ஆம்புலன்ஸ் வர நேரமாகும், ஆகையால் வயதானவர்கள் வீட்டில் இருந்தால் இதை நன்றாக யோசிக்கவும்.

வீடு பார்க்கப் போகிறீர்கள் என்றால் வெயில் நாளில் ஒரு முறையும், அடைமழையில் ஒரு முறையும் போங்கள். மழையில் தெருவில் தண்ணீர் எந்த வழியாக ஓடுகிறது என்று குடை பிடித்துக்கொண்டு கூடவே நடந்து பாருங்கள். வெளியேற ஒரே சாலைதான் இருக்கிறதா, இரண்டா என்று பாருங்கள். ஒன்றுதான் என்றால் தீ வரும்போது எல்லா வண்டியும் அதே சாலையில்தான் நிற்கும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வீட்டுக் காப்பீடு கிடைக்குமா என்று கேளுங்கள். 2023-இல் கலிஃபோர்னியாவில் சில பெரிய காப்பீட்டு நிறுவனங்களே புதிதாக வீடுகளுக்குக் காப்பீடு கொடுப்பதை நிறுத்தின. காப்பீடு கிடைக்காத வீட்டை உங்களிடமிருந்து நாளைக்கு யார் வாங்குவார்?

கடைசியாக, குடியிருப்போர் சங்கத்தின் பழைய கூட்டக் குறிப்புகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அவற்றில் வடிகால் தூர்வாரியது, சருகு அள்ளியது, குப்பைத்தொட்டி மாற்றியது பற்றிப் பேச்சு இருந்தால் தைரியமாக வாங்கலாம். நீச்சல் குளமும் வாசல் வளைவும் மட்டுமே இருந்தால் அடுத்த குடியிருப்பைப் பாருங்கள்.