"லேசாகப் பட்டது" என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்களே

கேள்வி: எனக்கு 53 வயது. மாதவிடாய் நின்று ஒன்றரை வருடம். இரவில் உடம்பு கொதித்து வேர்த்துக் கொட்டுகிறது, நித்திரை இல்லை. பக்கத்து வீட்டு அக்கா சொன்னதால் புறக்கோட்டையில் சாத்தாவாரிக் கிழங்குத் தூள் வாங்கி, காலையும் இரவும் ஒவ்வொரு மேசைக்கரண்டி பாலில் கற்கண்டு போட்டு நான்கு மாதமாகக் குடிக்கிறேன். கொதிப்புக் கொஞ்சம் குறைவு. இடையில் இரண்டு தடவை லேசாக இரத்தம் பட்டது. கிழங்கு வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன். சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் செய்த பாப் சோதனை நல்லதாக வந்தது. ஆவணியில் மகளின் கலியாணம், அதற்குள் தெம்பு வரவேண்டும். தூளின் அளவைக் கூட்டலாமா? வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, தூளை இன்றைக்கே நிறுத்துங்கள். அளவைப் பற்றிப் பிறகு பேசுவோம். உங்கள் கடிதத்தில் முக்கியமான செய்தி அந்த இரத்தம். அதைக் கற்கண்டுக்கும் சீனி வருத்தத்துக்கும் நடுவில் சொருகிவிட்டுப் போயிருக்கிறீர்கள், சந்தோஷம் என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். இப்படிச் சந்தோஷப்பட்டு மாதக்கணக்காய் இருந்துவிட்டு எழுதும் பெண்கள் நிறையப் பேர்.

12 மாதம் தொடர்ந்து வராமல் இருந்தால் மாதவிடாய் நின்றுவிட்டது என்று கணக்கு. அதற்குப் பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும், உள்ளாடையில் இளஞ்சிவப்பாய் ஒரு கறை தெரிந்தாலும் சோதித்தே ஆகவேண்டும். ஓய்ந்துபோன சூலகத்தை எந்தக் கிழங்கும் திரும்ப இயக்காது. இளமை திரும்புவதாக நினைத்தீர்களே, அப்படி ஒன்று உடம்பில் நடப்பதில்லை. சாத்தாவாரி பெண் ஹோர்மோன் போல மெல்லியதாய் வேலை செய்யக்கூடும் என்று சொல்வார்கள். செய்யுமானால், கருப்பையின் உட்சுவர் தடித்திருக்கும் ஒருத்தி அதைக் குடிக்கவே கூடாது. செய்யாதென்றால், இரத்தத்துக்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் நீங்கள் போகவேண்டிய இடம் வைத்தியசாலை.

இப்படி இரத்தம் படுகிற பெரும்பாலான பெண்களுக்கு உட்சுவர் மெலிந்து உலர்ந்ததோ, உள்ளே வளர்ந்த சிறு சதையோ காரணமாயிருக்கும். ஆனால் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்குக் கருப்பை உட்சுவரில் புற்றுநோய் இருக்கும். நீரிழிவும் உடற்பருமனும் உள்ளவர்களுக்கு அந்த ஆபத்துக் கூடுதல். எடையை நீங்கள் எழுதவில்லை, நீரிழிவை எழுதியிருக்கிறீர்கள். பாப் சோதனையை நம்பி இருக்கவேண்டாம். அது கருப்பைக் கழுத்தைப் பார்க்கிற சோதனை, உட்சுவரைப் பற்றி அதில் எதுவும் உறுதியாகத் தெரியாது. இந்தப் புற்றுநோய் இரத்தத்தைக் காட்டித் தன்னை ஆரம்பத்திலேயே வெளிப்படுத்திவிடுகிறது. அப்போதே பிடித்தால் பெரும்பாலும் கருப்பையை அகற்றும் சத்திரசிகிச்சையோடு முடிந்துவிடும். அந்த நேரத்தைத்தான் நீங்கள் பாலோடு சேர்த்துக் குடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

வெள்ளவத்தையிலிருந்து களுபோவில போதனா வைத்தியசாலை கிட்ட. பொரளைப் பக்கம் வசதியென்றால் காசல் வீதி மகளிர் வைத்தியசாலை, டி சொய்சா மகளிர் வைத்தியசாலை இருக்கின்றன. எதற்கும் காசு கேட்கமாட்டார்கள். ஓ.பி.டி.யில் "உடம்பு வெக்கை, நித்திரை இல்லை" என்று ஆரம்பிக்கவேண்டாம். "மாதவிடாய் நின்று ஒன்றரை வருடம், இரண்டு தடவை இரத்தம் பட்டது" என்பதுதான் முதல் வசனமாக இருக்கவேண்டும். பட்ட திகதிகள், குளிசைகளின் பெயர்கள், தூள் எவ்வளவு எத்தனை மாதம் என்பதை ஒரு துண்டில் எழுதி, தூள் பைக்கற்றையும் எடுத்துப் போங்கள். பிறப்புறுப்பு வழியாக ஒரு ஸ்கேன் செய்து உட்சுவரின் தடிப்பை அளப்பார்கள். 4 மில்லிமீற்றரும் அதற்குக் கீழும் என்றால் பெரும்பாலும் பயமில்லை. கூட இருந்தால் மெல்லிய குழாய் விட்டுச் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள். மாதவிடாய் வலி போல் சில நிமிடம் வலிக்கும். ஸ்கேன் நல்லதாக வந்த பிறகும் மறுபடி பட்டால் மறுபடி போகவேண்டும். இடையில் இரத்தம் கூடிப் போனால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் நேரே போய் வார்ட்டில் சேருங்கள்.

வீட்டில் சொல்லாமல் விட்டதற்கு உங்களைக் கண்டிக்கத்தான் வேண்டும். கலியாண வீட்டில் பதற்றம் வேண்டாம் என்று மறைத்தது தியாகமாக உங்களுக்குத் தோன்றியிருக்கும். எனக்கு அது கடமை தவறுவதாகவே தெரிகிறது. உங்கள் உடம்பில் நடப்பதை அறிய உங்கள் கணவருக்கு உரிமை உண்டு, கூட வந்து வாங்கில் இருந்து காத்திருக்கும் பொறுப்பும் உண்டு. மகளிடமும் சொல்லுங்கள். அம்மாவுக்குக் கருப்பையில் என்ன வந்தது என்பது அவள் தன் வைத்தியருக்குச் சொல்லவேண்டிய விஷயம். உங்களுக்குச் சிங்களம் சரளமாக வராதென்றால் அவளே கூட வந்து கதைக்கட்டும். மண்டபம், சேலை, நகை எல்லாவற்றுக்கும் ஆளாளுக்கு நேரம் கிடைக்கிறதல்லவா? ஆவணி வரைக்கும் என்று தவணை சொல்லாதீர்கள். இந்தக் கிழமையே போங்கள்.

இனிக் கிழங்கு. சோதனை எல்லாம் நல்லதாக முடிந்து, வைத்தியரும் தடையில்லை என்று சொன்னால் மட்டும் திரும்ப ஆரம்பிக்கலாம். நாள் ஒன்றுக்கு 3 முதல் 6 கிராம் என்பதுதான் வழக்கமான அளவு. நீங்கள் மேசைக்கரண்டியால் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு குடித்திருக்கிறீர்கள். இது சீரணிக்கப் பாரமான கிழங்கு, கூடினால் வயிறு ஊதும், பசி மந்தமாகும். சிறுநீரையும் பெருக்கும். அதனால் பிரஷருக்கோ சிறுநீர் பிரியவோ குளிசை எடுப்பவர்கள் கேட்காமல் தொடக்கூடாது. கற்கண்டை நீரிழிவுக்காரியான நீங்கள் போட்டதே பிழை.

பால் கஷாயத்துக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: மருந்து ஒரு பங்கு, பால் எட்டு, தண்ணீர் முப்பத்திரண்டு. 5 கிராம் தூளுக்கு 40 மில்லி லீற்றர் பால், 160 மில்லி லீற்றர் தண்ணீர் விட்டு, மெல்லிய நெருப்பில் தண்ணீர் வற்றிப் பால் மட்டும் மிஞ்சும்வரை காய்ச்சி வடித்துக் குடிக்கவேண்டும். சூடான பாலில் தூளைக் கலக்கிக் குடிப்பது இதற்கு ஈடாகாது. தூளாக வாங்குவதை விடக் காய்ந்த கிழங்காக வாங்குவது நல்லது. தோல் சீவி, நடு நரம்பை உருவி எடுத்துக் காயவைத்ததாகவும், முறித்தால் படக்கென்று முறிவதாகவும் இருக்கவேண்டும். கொழும்பு ஈரக்காற்றில் தூள் சீக்கிரம் கட்டிபட்டுப் பூசணம் பிடிக்கும், அப்படியானால் வெயிலில் காயவைத்துப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள். ஊரில் தோண்டினது என்று யாரும் பச்சைக் கிழங்கு தந்தால் வாங்கவேண்டாம். கார்த்திகைப் பூக் கிழங்கு மாறிப் போய் ஒன்றிரண்டு தின்றாலும் உயிரை எடுக்கும். எப்படியும் பொரளை ஆயுர்வேத வைத்தியசாலையில் ஒரு பதிவுபெற்ற வைத்தியரிடம் காட்டிவிட்டே தொடங்குங்கள்.

சாத்தாவாரி இலைக்கஞ்சி வேறு. அது மருந்தளவில் எடுப்பதில்லை, சாப்பாடு. இலைச்சாற்றைக் கடைசியில் விட்டு ஒரு கொதியில் இறக்கி, கருப்பட்டி இல்லாமல் காலையில் குடிக்கலாம்.