ஜான் கோல்ட்ரேன்: கேள்வி பதில்

அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் கோல்ட்ரேனின் 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' பாட்டை வாசிக்க அவ்வளவு கஷ்டம் என்கிறார்களே, வேகம்தானே காரணம்?

வேகம் பாதிதான். மீதி, ஷட்ஜம் ஓரிடத்தில் நிற்காதது. மொத்தம் 16 பார் (ஒரு பார் என்பது நான்கு அடி). அதற்குள் பி, ஜி, இ ஃப்ளாட் என்று மூன்று ஆதார ஸ்ருதிகளுக்கிடையே தாவிக்கொண்டே இருக்கும். பி-யை 'ஸ' என்று வைத்தால் இ ஃப்ளாட் அந்தர காந்தாரம், ஜி சுத்த தைவதம். மூன்றாவது பாருக்குள் மூன்றையும் தொட்டாகிவிடும். நிமிடத்துக்கு 290 அடியை ஒட்டிய வேகம், பல இடங்களில் ஒரு கார்டுக்கு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) இரண்டே அடி; அரை விநாடிகூட இல்லை. 1959 மே பதிவில் பியானோ டாமி ஃப்ளானகன். அவருடைய தனி வாசிப்பு விட்டுவிட்டு வருவதைக் கேளுங்கள். அவர் தேர்ந்த கலைஞர், பாட்டு அப்படி.

சார், டெனார் சாக்ஸபோன் வாசிக்கிறேன். எங்கே ஆரம்பிப்பது?

கார்டின் 1, 2, 3, 5 ஸ்வரங்களில். பி-க்கு பி, சி ஷார்ப், டி ஷார்ப், எஃப் ஷார்ப். அடுத்து வரும் டி7 கார்டுக்கு டி, இ, எஃப் ஷார்ப், ஏ. மெட்ரோனோமை 80-ல் வையுங்கள். பியானோ நோட்டை அப்படியே ஊதாதீர்கள்: டெனாரில் ஒரு முழு ஸ்வரம் ஏற்றிப் பிடிக்க வேண்டும், அதாவது பி, ஜி, இ ஃப்ளாட்டுக்குப் பதில் சி ஷார்ப், ஏ, எஃப். விரல் பழகியதும் 5, 3, 2, 1 என்று இறங்கியும் வாசியுங்கள். எல்லாம் 1-லேயே தொடங்கினால் சரளி வரிசை மாதிரி ஒலிக்கும்.

போதைப் பழக்கம்?

ஹெராயின். 1957-ல் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். அதே ஆண்டு விட்டொழித்து, பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க்கோடு வாசித்தார்.

கோல்ட்ரேனைக் கேட்டு சொப்ரானோ சாக்ஸபோன் வாங்கினேன். மேல் ஸ்தாயியில் ஸ்ருதி ஏறிப்போகிறது.

ரீடை (ஊதும்போது அதிரும் நாணல் பட்டை) கடிக்கிறீர்கள். மவுத்பீஸை மட்டும் தனியாக ஊதிப் பாருங்கள். கன்சர்ட் சி-க்கு, அதாவது பியானோவின் சி-க்கு, மேல் போனால் உதடு இறுக்கம். தாடையைத் தளர்த்தி, ஸ்ருதிப் பெட்டியோடு நீள ஸ்வரம் பிடியுங்கள்.

இந்திய இசையின் தாக்கம் உண்மையா?

உண்மை. 1961 நவம்பரில் பதிவான 'இந்தியா'வில் இரண்டு பேஸ்கள் (கீழ் ஸ்தாயி தந்தி வாத்தியம்). தம்பூரா போல ஆதாரம் அசையாமல் கிடக்கும். 1965-ல் பிறந்த மகனுக்கு சிதார் கலைஞர் ரவிசங்கரை மனதில் வைத்து ரவி என்றே பெயர். ஆனால் ராகம் வாசித்தார் என்பது மிகை. கமகம் தேடினால் ஏமாற்றம்தான். 1964 டிசம்பரில் பதிவான 'எ லவ் சுப்ரீம்' ஆல்பத்தில் முதல் பாகத்தின் பிற்பகுதியைக் கேளுங்கள்: நான்கே ஸ்வரத் துண்டு ஒன்றைப் பன்னிரண்டு ஸ்ருதிக்கும் இழுத்துப் போகிறார். ராகம் பாடுகிறவர் அதைச் செய்யமாட்டார்.