நிறுவனங்களில் பயன்பட்ட பழைய வாக்கி-டாக்கியை ஹாம் ரேடியோவாக (பொழுதுபோக்கு வானொலியாளர்களின் கருவியாக) மாற்ற முடியுமா?

முடியும், ஆனால் வாங்கும் முன்பே, பின்புறம் ஒட்டியுள்ள மாதிரி எண்ணைக் கொண்டு, அது எந்த அதிர்வெண் வரம்புக்காகத் தயாரிக்கப்பட்டது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கும் கருவி, 144-இல் தொடங்கும், ஹாம்களுக்கான இரண்டு மீட்டர் பட்டைக்கு (அதிர்வெண் தொகுதிக்கு) அப்படியே பொருந்தும். 450-இல் தொடங்கும் கருவியோ ஹாம்களின் 430-440 பகுதிக்கு இறங்க மறுத்து, வெறும் பிழை ஒலியை எழுப்பக்கூடும்.

இவற்றில் பெரும்பாலானவற்றில் அதிர்வெண்ணை விசைகளைத் தட்டி மாற்ற இயலாது என்பதால், அந்த மாதிரிக்கென்றே உள்ள மென்பொருளும் கேபிளும் தேவை. கேபிளை இணைத்ததும் எதையும் எழுதாமல், உள்ளே இருப்பதை முதலில் படித்து நகல் ஒன்றைச் சேமித்துவிடுங்கள் (இதைச் செய்யாமல் ஒரு கருவியை நான் ஊமையாக்கியிருக்கிறேன்). பிறகு, எடுத்துக்காட்டாக, பெறும் அதிர்வெண் 145.700, அனுப்பும் அதிர்வெண் 145.100, அனுப்பும்போது மட்டும் ரிப்பீட்டரைத் திறக்கும் 88.5 ஹெர்ட்ஸ் தொனி என, உங்கள் ரிப்பீட்டருக்கு (உங்கள் குரலைப் பெற்று மீண்டும் அனுப்பும் நிலையத்துக்கு) ஏற்ப சேனலை நிரப்புங்கள். எல்லாம் சரியாக இருந்தும் உங்கள் குரல் மெலிதாகக் கேட்பதாக மற்றவர்கள் சொன்னால், சேனல் அகலம் 12.5 கிலோஹெர்ட்ஸில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ரிப்பீட்டர்கள் பலவும் 25-ஐயே எதிர்பார்க்கின்றன.

முந்தைய உரிமையாளரின் சேனல்களை நீக்கிவிடுங்கள். ஹாம் உரிமம் அவற்றில் பேச இடம் தராது.