காற்றடைக்கும் துடுப்புப் பலகை: துணியும் விளிம்பும் (கேள்வி பதில்)

சோமனூரில் பதினெட்டு வருசம் தறி ஓட்டினேன். அப்புறம் துணிக்குப் பிவிசி பூசும் ஆலையில் வேலை. இப்போது ஆறு வருசமாக, தண்ணீரில் நின்றபடி துடுப்புப் போடும் காற்றுப் பலகை ஒன்று வைத்திருக்கிறேன். தெரிந்தவர்களின் பலகைக்குப் பஞ்சரும் ஒட்டித் தருவேன். பலகை வாங்கப் போகிறவர்கள் கேட்டதும் நான் சொன்னதும் இவை.

கோபிசெட்டிபாளையம்: ஏனுங்ண்ணா, ரெண்டு பலகை பார்த்து வெச்சிருக்கேன். ரெண்டும் பத்தரை அடி நீளம், 32 அங்குல அகலம், 6 அங்குல கனம். விலை மட்டும் மூணு மடங்கு வித்தியாசம். எதுக்குங்க?

தம்பி, வெளி அளவு ஒன்றுதான். காசு உள்ளே இருக்கிறது. காற்றடைத்தால் அது தலையணை மாதிரி உப்பாமல் தட்டையாக நிற்கிறதே, எப்படி? மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி. நடுவில் ஆயிரக்கணக்கான பாலியஸ்டர் இழைகள் ஒரே நீளத்தில் நின்று இரண்டையும் பிடித்திருக்கின்றன. டிராப் ஸ்டிட்ச் என்று பெயர். வெல்வெட் தறி பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும். இரண்டு துணியை எதிரெதிரே நெய்து, நடுவில் ஓடும் இழையைக் கத்தியால் அறுத்தால் இரண்டு வெல்வெட். அறுக்காமல் விட்டால் இந்தத் துணி. 15 பி.எஸ்.ஐ (டயர் காற்றை அளக்கும் அதே அழுத்த அளவு) என்றால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்து டன்னுக்கு மேல் அழுத்தம். அவ்வளவையும் அந்த இழைகள்தான் தாங்குகின்றன. நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நெசவுக்காரர்கள் மேல் மரியாதை வரும்.

அந்தத் துணிமேல் பிவிசி எத்தனை அடுக்கு என்பதில்தான் விலை பிரிகிறது. மலிவான பலகையில் ஒரே அடுக்கு. எடை குறைவு, சுருட்டவும் சுலபம். ஆனால் நடுவில் ஏறி நின்றால் தொட்டில் மாதிரி தொய்யும். அதன்மேல் இரண்டாவது பிவிசித் தகட்டைப் பசை தடவிக் கையால் ஒட்டுவது பழைய முறை. விறைப்பு வந்துவிடும், கல் உரசினாலும் தாங்கும். ஆனால் பசையின் எடையும் சேரும். ஒட்டும்போது காற்று சிக்கினால் பின்னாளில் கொப்புளமாக எழும்பும். மூன்றாவது முறையில் இரண்டாம் அடுக்கை இயந்திரம் சூட்டில் அழுத்திச் சேர்த்துவிடும், பசை கிடையாது. பியூஷன் என்பது இதைத்தான். ரெட் பேடில் நிறுவனம் தன்னுடையதை எம்.எஸ்.எல் என்கிறது. உங்கள் அளவுப் பலகையில் ஒற்றை அடுக்கு ஏழெட்டுக் கிலோ இருக்கும், கையால் ஒட்டிய இரட்டை அடுக்கு பதினொன்றைத் தாண்டும், பியூஷன் நடுவில் நிற்கும். என் காசாக இருந்தால் பியூஷனில் போடுவேன்.

திருப்பூர்: நம்ம ஊர்க்காரனுக்கு ஒரு சந்தேகமுங்க. நிட்டிங் துணியில செஞ்ச பலகைதான் ஒசத்தின்னு போட்டிருக்காங்க. பனியன் துணி இழுத்தா நீளுமே, அது எப்படிங்க விறைப்பா நிக்கும்?

நல்ல கேள்விங்க. பனியனில் நூல் முழுக்க வளையம் வளையமாக ஓடுவதால்தான் நீளுகிறது. இது அந்த நிட்டிங் இல்லை. இதில் பாரம் தாங்கும் இழைகள் நேராகப் படுத்திருக்கும். பின்னல் அவற்றை இடத்தில் பிடித்து வைக்க மட்டும்தான். தறித் துணியை எடுத்துக்கொள்ளுங்கள். பாவும் (நீள இழை) ஊடும் (குறுக்கு இழை) ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்குவதால் இழை அலையலையாகக் கிடக்கும். அழுத்தம் வந்தால் முதலில் அந்த அலைதான் நிமிரும், அதனால் துணி கொஞ்சம் நீளும். நேர் இழைக்கு அந்தத் தொல்லை இல்லை, எடையும் குறைவு. தறியிலேயே வாழ்ந்தவன், இருந்தும் இதில் நிட்டிங் பக்கம்தான் நிற்கிறேன். நடு இழைகளைச் செங்குத்தாக விடாமல் சாய்த்து, ஒன்றையொன்று வெட்டிப் போகும்படி வைக்கும் வகையும் உண்டு. கட்டிலுக்குக் குறுக்குக் கம்பி கொடுத்த மாதிரி, ஆட்டம் குறையும்.

ஈரோடு: நான் 95 கிலோ. முன்னாடி பையனையும் உக்கார வெக்கோணும். 4 அங்குலக் கனம் போதுமுங்களா?

போதாதுங்க. மேல், கீழ்த் தோல் ஒரே மாதிரி இருந்தால் விறைப்பு கனத்தின் வர்க்கமாக ஏறும். நாலிலிருந்து ஆறுக்குப் போனால் இரண்டேகால் மடங்கு. உங்களுக்கு 6 அங்குலம், அகலம் 33 அல்லது 34.

பொள்ளாச்சி: அண்ணா, என் பலகை ரெண்டாவது கோடையிலேயே ஓரத்துல பிரிஞ்சிருச்சு. எப்பவும் கார் டிக்கியிலதான் இருக்கும். என் தப்புங்களா, பலகை தப்புங்களா?

இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் அம்மிணி. பலகை வாங்குகிறவர்கள் மேல்தோலைப் பார்த்துவிட்டு விளிம்பை விட்டுவிடுகிறார்கள். நம்ம வெயிலுக்கு முதலில் பார்க்க வேண்டியதே அதுதான். மேல் துணியையும் கீழ் துணியையும் பக்கவாட்டில் ஒரு பிவிசிப் பட்டை சேர்க்கிறது. பெரும்பாலானவற்றில் அது பசை ஒட்டு. பசை தடவி, அதிலிருக்கும் கரைப்பான் ஆவியாகிப் போகும்வரை பொறுத்து, அப்புறம் அழுத்த வேண்டும். அவசரப்பட்டால் ஒட்டு சப்பை. மூடிய டிக்கியின் சூட்டில் பசை இளகும். அந்த நேரம் காற்றழுத்தமும் சேர்ந்தால் மெதுவாக வழுக்கிப் பிரியும். வெல்டிங் விளிம்பில் பிவிசியும் பிவிசியும் உருகி ஒன்றாகிவிடுகின்றன, இளகப் பசையே இல்லை. அடுத்தது வாங்கும்போது "விளிம்பு பசையா, வெல்டிங்கா, பட்டை ஒரு அடுக்கா, இரண்டா?" என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் வேறு கடை.

அழுத்தத்திலும் கவனம் வேண்டும். காலையில் 25 டிகிரியில் 15 பி.எஸ்.ஐ அடைத்த பலகை, ஆழியாறு கரை வெயிலில் 55 டிகிரிக்குச் சூடானால் உள்ளே 18 ஆகிவிடும். கரையேறியதும் நிழலில் போடுங்கள், நிழல் இல்லையென்றால் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள்.

நாமக்கல்: கைப்பம்புல 8 வந்ததுக்கே மூச்சு வாங்குது. அது போதாதுங்களா?

விறைப்பு கடைசியில் ஏறும் அழுத்தத்தில்தான் வருகிறது. உங்கள் பலகையில் 15 என்று அச்சடித்திருந்தால் 15 வரை அடியுங்கள். எட்டில் ஏறி நின்றால் நல்ல பலகையும் மட்டமாகத்தான் தோன்றும். முடியாவிட்டால் கார் பேட்டரியில் ஓடும் பம்பு வாங்குங்கள்.

கோவை: "மிலிட்டரி கிரேடு பிவிசி" நம்பலாமுங்களா?

அது விளம்பர வார்த்தை. அடுக்கு, எடை, விளிம்பு, இந்த மூன்றையும் கேளுங்கள்.

கரூர்: சைக்கிள் பஞ்சர் சொலூஷன் போட்டு ஒட்டலாமுங்களா?

வேண்டாமுங்க. அது ரப்பருக்கான பசை, பிவிசியில் நிற்காது. பிவிசிக்கென்று பாலியூரிதேன் பசை வருகிறது. உங்கள் ஊர் பஸ் பாடி பட்டறைக்காரர்களுக்கு ரெக்ஸின் பழக்கம். பிவிசிப் பசை எங்கே கிடைக்கும் என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். காற்றை முழுக்க இறக்கி, இடத்தைத் துடைத்து உலர்த்தி, இரண்டு பக்கமும் மெலிதாகப் பூசி, ஒட்டிக்கொள்ளும் பதம் வரக் காத்திருந்து அழுத்துங்கள். ஒரு நாள் முழுக்கக் காற்றடைக்காதீர்கள். ஓட்டை தெரியாவிட்டால் சோப்புத் தண்ணீர். முதலில் வால்வைப் பாருங்கள். பாதிப் பேருக்குப் பஞ்சரே இல்லை, வால்வு லூசாகத்தான் இருக்கும்.

பவானி: காவிரியில கதவணைக்கு மேல தண்ணி அசையாம நிக்குது. அங்க போலாமுங்களா?

அசையாத மாதிரி தெரியும், மதகு திறந்தால் இழுக்கும். கதவணைப் பக்கமும் வாய்க்காலிலும் இறங்கவே வேண்டாம். அணை நீர்த்தேக்கம் என்றால் அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள். ஓடுகிற தண்ணீரில், பலகையோடு சேர்க்கும் கயிற்றைக் காலில் கட்டாதீர்கள். வேலிக்கருவைக் கிளையிலோ பாறையிலோ மாட்டினால் தண்ணீர் உங்களைக் கீழே அமுக்கும், குனிந்து காலை விடுவிக்க முடியாது. இடுப்பில் கட்டி, ஒரே இழுப்பில் கழன்றுவிடும் வார் வாங்குங்கள். உயிர்காப்பு மேலாடையை உடம்பில் போட்டிருக்க வேண்டும், பலகையில் கட்டி வைத்தால் ஆகாது. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்துப் பேசமாட்டேன்.

சேலம்: பழைய பலகை ஒண்ணு விலைக்கு வருது. என்ன பார்க்கோணுமுங்க?

மாலையில் முழு அழுத்தம் அடைத்து, மறுநாள் மாலை அதே நேரத்தில் அளவைப் பாருங்கள். ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ குறைந்திருந்தால் பரவாயில்லை. நடுவில் எங்காவது மேடு தட்டினால் உள்ளே இழை அறுந்திருக்கிறது. அதற்கு வைத்தியம் கிடையாது, திரும்பி வந்துவிடுங்கள். விளிம்புப் பட்டையை நகத்தால் சுற்றிலும் நெருடிப் பாருங்கள், நகம் உள்ளே போகிற இடம் ஒட்டு விட்ட இடம். இரண்டு முனைக்கும் ஒவ்வொரு செங்கல் கொடுத்து நடுவில் நில்லுங்கள், தொய்வு தெரிந்துவிடும். எலி கடித்த தடம் இருக்கிறதா என்று துடுப்பு வைக்கும் பையையும் உதறிப் பாருங்கள்.