எலி வாஷிங் மெஷின் வயரைக் கடித்துவிட்டது. எந்த எலி மருந்து நல்லது?

வாடகை வீடு, தவழும் வயதில் குழந்தை, எலியோ வாஷிங் மெஷின் வரைக்கும் வந்துவிட்டது, அதனால் வலுவான மருந்தாக ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். மருந்தின் பெயர் எதையும் நான் சொல்லப்போவதில்லை. எலி வரும் வழியை அடைக்காத வீட்டில் எந்த மருந்து வைத்தாலும் ஒன்று செத்தால் இன்னொன்று வரும். குழந்தை இருக்கும் வீட்டிலோ எலியைவிட அந்த மருந்துதான் பெரிய ஆபத்து.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். போன மழைக்காலத்தில் வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது. பழுதுபார்க்க வந்தவர் அதைச் சாய்த்து அடிப்பக்கத்தைக் காட்டினார். மோட்டாருக்குப் போகும் வயர்கள் செம்பு தெரியுமளவுக்குக் கடிபட்டிருந்தன. பக்கத்திலேயே என் மாமியாரின் பழைய நூல் புடவையின் கிழிசல், வேர்க்கடலைத் தோல், கறுப்பு அரிசி போலப் புழுக்கைகள். எலி கடித்ததற்கு வாரண்டி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அன்று மாலையே அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு மருந்தைப் பரிந்துரைக்க, வாங்கி வரக் கிளம்பிய என் கணவரை நான்தான் தடுத்தேன்.

அன்றிரவு சமையலறையில் சுவரோரமாகக் கோலமாவை மெல்லியதாகத் தூவி வைத்தேன். காலையில் பார்த்தபோது குட்டிக் குட்டிக் கால் தடங்களும், நடுவே வால் இழுபட்ட கோடும், சிங்க்கின் அடியில் கழிவுநீர்க் குழாய் சுவருக்குள் நுழையும் இடம்வரை சென்றிருந்தன. அங்கே குழாயைச் சுற்றி இரண்டு விரல் நுழையும் ஓட்டை, வீடு கட்டிய நாளிலிருந்து பூசப்படாமலேயே கிடந்திருக்கிறது. சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும் என்னும்போது, இது அதற்கு வாசற்கதவு.

இந்த இடத்தில் என் ஆற்றாமையையும் சொல்லிவிடுகிறேன். குழாய் வேலைக்கும் ஏ.சி. மாட்டவும் வருகிறவர்கள் கைநிறையக் கூலி வாங்கிக்கொண்டு சுவரைத் துளைக்கிறார்கள். துளையைச் சுற்றி ஒரு பிடி சிமெண்ட் பூச மட்டும் அவர்களுக்கு நேரமில்லை. கேட்டால் அது கொத்தனார் வேலை என்கிறார்கள். அந்த ஒரு பிடி சிமெண்ட்டுக்குத்தான் பிறகு நாம் ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறோம்.

பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை ஓட்டைக்குள் இறுக்கித் திணித்து, அதன்மேல் சிமெண்ட் பூசினேன். துணியோ தெர்மோகோலோ வைத்தால் எலி ஒரே இரவில் குடைந்துவிடும். தரையில் தண்ணீர் போகும் துளைக்கு இரும்பு ஜாலியும், மெஷினின் அடிப்பக்கத்துக்குக் கம்பி வலையும் போட்டோம். உள்ளே மாட்டிக்கொண்டவற்றுக்குத்தான் எலிக்கூடு. வீட்டெலி புதுப்பொருளைக் கண்டால் ஒதுங்கும். ஆகவே முதல் சில இரவுகள் கூட்டின் கதவு மூடாதபடி கட்டிவிட்டு, சுட்ட தேங்காய்ச் சில்லை மட்டும் உள்ளே வைத்துப் பழக்க வேண்டும். சுவரை ஒட்டியே எலி ஓடும் என்பதால் கூட்டையும் அங்கேயே வையுங்கள். எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவக்கூடும். கூட்டைக் கையுறை போட்டுத்தான் கழுவ வேண்டும்.

மருந்து வைத்துப் பல வருடங்களாக நிம்மதியாக இருக்கிறோம் என்று இங்கே சிலர் எழுதுவார்கள். இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசை மனித உடலுக்குள் போனால் முதலில் பெரிதாக ஒன்றும் தெரியாமல், சில நாட்களில் கல்லீரலையே செயலிழக்கச் செய்துவிடும். அதற்கு முறிமருந்து கிடையாது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துக் கட்டிகளைத் தின்ற எலி உடனே சாகாது. சில நாள் கழித்துப் பரணிலோ பீரோவுக்குப் பின்னாலோ செத்து நாறும். 2024 நவம்பரில் குன்றத்தூரில், எலி மருந்து வைக்கப்பட்டிருந்த வீட்டில் உறங்கிய இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். அதைப் படித்த பிறகும் மருந்துக் கட்டியை வீட்டுக்குள் வைக்க என் கை வராது. இதைக் கோழைத்தனம் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

வாடகை வீடு என்பதால் உரிமையாளர் எப்படியும் செய்து தரமாட்டார் என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். கம்பி நாருக்கும் அரைக் கிலோ வெள்ளை சிமெண்ட்டுக்கும் ஆகும் செலவு ஒரு நாள் காய்கறிச் செலவைத் தாண்டாது. இன்றிரவு கோலமாவைத் தூவிப் பாருங்கள்; தடம் எங்கே முடிகிறதோ அங்கிருந்து வேலையைத் தொடங்குங்கள்.